பங்கு வைத்த மாத்திரை

என் வீட்டுக்காரர் பல் டாக்டர். நான் கிருமி வளர்க்கிறவள். கல்யாணப் பேச்சு நடந்தபோது என் மாமியாரிடம் யாரோ இப்படித்தான் சொல்லிவிட்டார்கள். மாமியார் அதைக் கோழிப்பண்ணை மாதிரி ஏதோ ஒன்று என்று நினைத்துக்கொண்டு, "நல்லா வருமானம் வருமா?" என்று கேட்டார்களாம். தூத்துக்குடியில் ஒரு ஆஸ்பத்திரியின் லேபில் எனக்கு வேலை. சீழ், சளி, சிறுநீர் என்று மற்றவர்கள் மூக்கைப் பொத்திக்கொள்கிற எல்லாம் என் மேசைக்கு வரும். அதைத் தட்டில் தடவி, கதகதப்பான பெட்டிக்குள் வைத்து மூடினால் மறுநாள் கிருமி முளைத்திருக்கும். எந்த மருந்துக்கு அது சாகிறது, எதற்குச் சாகவில்லை என்று பார்த்துச் சொல்ல வேண்டும். இத்தனை வருஷம் ஆகியும் காலையில் அந்தப் பெட்டியைத் திறக்கும்போது எனக்கு நெஞ்சு படபடக்கும். நேற்று வெறுந்தட்டு, இன்று அதில் ஒரு ஊரே குடியேறியிருக்கும். அதிசயம் என்றால் எனக்கு இதுதான்.

இவருடைய கிளினிக் திரேஸ்புரம் போகிற வழியில் இருக்கிறது. வருகிறவர்களில் பாதிப் பேர் கடல்காரர்கள். அதிலும் தோணிக்காரர்கள் இவருக்கு உயிர். தோணி என்றதும் வெளியூர்க்காரர்கள் துடுப்புப் போடுகிற படகை நினைத்துக்கொள்வார்கள். எங்கள் ஊர்த் தோணி பழைய துறைமுகத்தில் வெங்காயமும் சிமெண்டும் ஏற்றிக்கொண்டு மாலத்தீவு வரை போய் வருகிற பெரிய மரக்கலம். அதை நடத்துகிறவருக்குத் தண்டல் என்று பெயர். சமைக்கிறவர் பண்டாரி.

தோணி கிளம்புவதற்கு முன்னால் தண்டல் ஒருவர் கிளினிக்குக்கு வந்துவிடுவார். அறுபதை நெருங்குகிற மனிதர், கையும் காலும் தேக்குக் கட்டை மாதிரி இருக்கும். "தம்பி, நாளைக்கு ஏறுதோம். வழக்கம்போல எழுதிக் குடுங்க" என்பார். இவரும் கேள்வி கேட்காமல் ஆட்கள் அத்தனை பேருக்கும் சேர்த்து வலி மாத்திரையும் ஆன்டிபயாடிக்கும் எழுதிக் கொடுத்துவிடுவார். நடுக்கடலில் பல் வலித்தால் பாவம், யாரிடம் போவார்கள் என்ற இரக்கம். தண்டலும் சும்மா வாங்கிக்கொண்டு போகிறவர் இல்லை. திரும்பி வரும்போது மாசிக்கருவாடு வந்து சேரும்.

எனக்கு வாய் சும்மா இருக்காது. "தோணிக்கு பாரம் பத்தலன்னு மாத்திரை ஏத்துதியளோ?" என்பேன்.

"எதுக்கும் இருக்கட்டும்ளா. போற எடத்துல என்ன செய்வாவ?"

"வலிக்கு வலி மாத்திரை போதும். சொத்தைக்குள்ள ஆன்டிபயாடிக் போயே சேராதுன்னு நீங்கதான படிச்சிய? சொத்தைய எடுக்காம மாத்திரைய எழுதுனா என்ன அர்த்தம்?"

"நீ தட்டப் பாக்க. நான் ஆளப் பாக்கேன்" என்று சொல்லிவிட்டுச் செய்தித்தாளைத் தூக்கி முகத்தை மறைத்துக்கொள்வார். அதற்கு மேல் பேசினால் நாசரேத்துக்காரிக்கு வாய் நீளம் என்று என் ஊரை இழுப்பார். நானும் விட்டுவிடுவேன்.

ஒரு பயணம் முடிந்து அந்தத் தண்டலைத் துறைமுகத்திலிருந்து நேராக ஆட்டோவில் தூக்கிக்கொண்டு வந்தார்கள். தாடைக்கு அடியில் கழுத்து முழுக்க வீங்கி, தோல் பளபளவென்று இறுகிப் போயிருந்தது. வாயைத் திறக்க முடியவில்லை. நாக்கு மேலே தூக்கிக்கொண்டு, எச்சிலை விழுங்க முடியாமல் வழியவிட்டபடி உட்கார்ந்திருந்தார். படுக்கச் சொன்னால் மூச்சு முட்டியது. இவர் நாற்காலியில் உட்கார வைத்துப் பார்த்த கையோடு, "இங்கன ஒண்ணும் செய்யக் கூடாது, உசுருக்கு ஆபத்து" என்று அதே ஆட்டோவில் தானும் ஏறி, நான் வேலை பார்க்கிற ஆஸ்பத்திரிக்கே கொண்டுவந்துவிட்டார்.

ஆபரேஷன் தியேட்டரில் பெரிய டாக்டர் கழுத்தைக் கீறிச் சீழை வெளியேற்ற, கூடவே நின்று இவர் அந்தப் பல்லைப் பிடுங்கினார். கீழ்க்கடைவாய்ப் பல். அடிவரை சொத்தை. அது பல மாதமாக வலித்துக்கொண்டிருந்திருக்க வேண்டும்.

வெளியே வராந்தாவில் பண்டாரி கையில் ஒரு பிஸ்கட் டின்னோடு நின்றுகொண்டிருந்தார். அதுதான் தோணியின் மருந்துப் பெட்டி. "என்ன மாத்திரை, எவ்வளவு சாப்பிட்டாரு?" என்று நான் கேட்டேன். அவர் முகத்தில் ஒரு பெருமை வந்தது.

"எங்க தோணியில மாத்திரையும் தண்ணி மாதிரிதாம்மா. கரை காணுற வரைக்கும் வரணும்லா? அதனால வலிக்கிறவனுக்குக் காலையில ஒண்ணு. ரொம்ப வலிச்சா ராத்திரி பாதி. வலி விட்டா நிறுத்திரணும், மிச்சம் அடுத்தவனுக்கு. எல்லாருக்கும் சரிசமமா பங்கு. இந்தத் தடவ தண்டலுக்குத்தான் பாடு ஜாஸ்தி. நீரு கூட ஒண்ணு எடுத்துக்கிடும்னு நானே சொன்னேன். அது மத்தவம் பங்குன்னு மாட்டேன்னுட்டாரு."

"போன பயணத்துலயும் இப்படித்தானா?"

"எல்லாப் பயணத்துலயும் இப்படித்தாம்மா."

எனக்குத் திட்டுவதா, கையெடுத்துக் கும்பிடுவதா என்று தெரியவில்லை. ஒரு சொட்டுத் தண்ணீரைக்கூட ஏமாற்றாமல் பங்கு வைத்துக் குடிக்கிற நல்ல மனிதர்கள், அதே நியாயத்தை மாத்திரைக்கும் வைத்திருக்கிறார்கள். பல்லுக்குள் சீழ் அப்படியே உட்கார்ந்திருக்க, மேலே கொஞ்சம் கொஞ்சமாக மருந்து. கிருமி சாகிற அளவுக்குக் காணாது, பழகிக்கொள்ள மட்டும் போதும். தியேட்டரிலிருந்து வெளியே வந்த இவர், கதவுப் பக்கத்திலேயே நின்று பண்டாரி சொன்னதை முழுக்கக் கேட்டிருக்கிறார். கையில் சீழ் எடுத்த பாட்டில் இருந்தது. அதை என்னிடம் நீட்டினார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் என் வேலைக்கென்று இவர் கொண்டுவந்து கொடுத்த முதல் பொருள் அதுதான்.

கீறிவிட்டதும் மூச்சு லேசானது. ஆனால் காய்ச்சல் இறங்கவில்லை. வழக்கமாகக் கொடுக்கிற ஊசி மருந்து ஏறிக்கொண்டிருந்தும் வீக்கம் கழுத்தைத் தாண்டி நெஞ்சை நோக்கி இறங்க ஆரம்பித்தது. நெஞ்சுக்குள் போய்விட்டால் ஆள் கிடைக்க மாட்டார் என்று பெரிய டாக்டர் இவரிடம் மட்டும் சொல்லியிருக்கிறார். தண்டலின் சம்சாரம் வார்டு வாசலில் செபமாலையோடு உட்கார்ந்த இடத்தை விட்டு எழுந்திருக்கவில்லை. எல்லாம் என் தட்டுக்காகக் காத்துக் கிடந்தது.

முதல் தட்டில் கிருமி வளர்ந்தது. அதை எடுத்து இன்னொரு தட்டு முழுக்கப் பூசி, அதன்மேல் மருந்து ஊறிய சின்னச் சின்ன வில்லைகளை வைத்தேன். மருந்து வேலை செய்தால் அந்த வில்லையைச் சுற்றிக் கிருமி வளராமல் வட்டமாக இடம் விட்டிருக்கும். அந்த வட்டத்தை அளந்துதான் மருந்து கேட்குமா, கேட்காதா என்று சொல்வோம். மறுநாள் காலையில் பெட்டியைத் திறந்து தட்டை எடுத்து வெளிச்சத்தில் பிடித்தேன்.

ஆத்தாடி! வட்டமே இல்லை. வில்லைகளின் விளிம்பு வரைக்கும் கிருமி அடர்ந்து நின்றது. சில வில்லைகளின் ஓரத்தில் மேலேயே ஏறியிருந்தது. எத்தனை பேர் மூளையைக் கசக்கிக் கண்டுபிடித்த மருந்துகள்! கண்ணுக்குத் தெரியாத ஒன்று, ஒரு மனிதனின் கடைவாய்ப் பல்லுக்குள் இருந்துகொண்டே அத்தனையையும் கற்றுக்கொண்டுவிட்டது. பயந்தேன் என்பதைவிட மலைத்துப் போனேன் என்பதுதான் உண்மை. தட்டைத் திருப்பியபோது, ஓரத்தில் ஒரே ஒரு வில்லையைச் சுற்றி மட்டும் பளிச்சென்று வட்டம் இருந்தது.

வார்டுக்குப் போன் பண்ணி அந்த மருந்தின் பெயரைச் சொன்னேன். அடுத்து இவரைக் கூப்பிட்டேன். வந்து தட்டைப் பார்த்தார். குனிந்து, நிமிர்ந்து, கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மாட்டிக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"நான் எழுதுற மருந்து எதுளா?"

விரலால் காட்டினேன். அந்த வில்லை கிருமிக்கு நடுவில் அநாதை மாதிரி கிடந்தது. எனக்கு எப்போதும் கேலி பண்ண வரும். அன்றைக்கு வரவில்லை.

புது மருந்து ஏறிய மறுநாள் காய்ச்சல் இறங்கியது. வீக்கம் நெஞ்சுக்கு மேலேயே நின்று, பிறகு மெல்லப் பின்வாங்கியது. தோணியை விட்டு இறங்கியதிலிருந்து வாய் பேசாத மனிதர், முதல் முதலாகக் கரகரத்த குரலில் சம்சாரத்திடம் கேட்டது கருப்பட்டிக் காப்பி. அந்த அம்மாள் அழுதுகொண்டே நர்ஸிடம் ஓடியதைப் பார்த்து வார்டே சிரித்தது. என் கண்ணிலும் தண்ணீர் முட்டிக்கொண்டு வந்தது.

வீட்டுக்குப் போகிற அன்று தண்டல் ஒரே பிடிவாதமாக நின்றார். "என்னக் கொல்லப் பாத்த சாமான நான் பாக்கணும்." லேபுக்குள் வெளியாட்களை விடக் கூடாது. நான் தட்டை ஃபிரிஜ்ஜில் பத்திரமாக வைத்திருந்தேன். மூடியைச் சுற்றி டேப் ஒட்டி, ஜன்னல் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று பிடித்துக் காட்டினேன். அந்தப் பக்கம் தண்டலும் அவர் சம்சாரமும், பக்கத்தில் இவரும். எந்த மருந்து எது என்று நான் ஒவ்வொன்றாகச் சொன்னேன். புயலையும் சுழியையும் பார்த்த கண், அந்தச் சின்னத் தட்டை விட்டு அகலவில்லை.

"இத நாங்கதான் வளத்துருக்கோம்" என்றார் கடைசியில். "பங்கு வச்சு வளத்துருக்கோம்."

"தீனி எழுதிக் குடுத்தது நாந்தான அண்ணாச்சி" என்றார் இவர்.

அந்த அம்மாள் இதையெல்லாம் காதில் வாங்கவில்லை. வட்டம் இருந்த அந்த ஒற்றை வில்லையையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். "டாக்டரே, நாளைக்கு இவுகளுக்கோ எம்புள்ளைகளுக்கோ இதே மாதிரி வந்தா, அந்த ஒரு மருந்து கேக்குமா?"

இவர் அந்த அம்மாள் பக்கம் திரும்பினார். நானும் என்ன சொல்வார் என்று பார்த்துக்கொண்டுதான் நின்றேன்.

"கேக்கணும்னா, தேவையில்லாத ஒருத்தருக்கும் நான் எந்த மருந்தையும் எழுதக் கூடாது. இனிமே ஏறுறதுக்கு முன்ன எல்லாரும் வந்து வாயத் திறங்க. சொத்தைய அடைச்சு, புடுங்க வேண்டியதப் புடுங்கி அனுப்புதேன். மொத்தமா மாத்திரை கெடையாது. கடல்ல வீக்கமோ காய்ச்சலோ வந்தா, பங்கு வைக்காம உடனே பக்கத்துக் கரையில டாக்டரப் பாருங்க."

"அப்ப மத்த டாக்டர்மாரு?" என்றார்கள் அந்த அம்மாள்.

அந்தக் கேள்வியை இவர் வீட்டுக்கே கொண்டுவந்துவிட்டார்.

இவர் யார் வீட்டு வாசலுக்கும் போகாத மனிதர். சொந்தத் தம்பி வீட்டு விசேஷத்துக்கே அழைப்பில் பெயரை ஒழுங்காகப் போட்டிருக்கிறார்களா என்று பார்த்துவிட்டுக் கிளம்புகிற ஆள். அவர் அந்தத் தட்டைப் போட்டோ எடுத்துப் போனில் வைத்துக்கொண்டு, ஸ்கூட்டரில் ஊரில் உள்ள பல் டாக்டர்களை ஒவ்வொருவராகத் தேடிப் போக ஆரம்பித்தார். என்னால் நம்பவே முடியவில்லை. அதிலும் முதலில் போனது எங்கள் கிளினிக்குக்கு எதிரில் இருக்கிற டாக்டரிடம். போர்டு வைத்த தகராறில் அவரும் இவரும் வருஷக்கணக்கில் முகம் கொடுத்துப் பேசியதில்லை.

அங்கே நடந்ததைச் சாப்பிடும்போது சொன்னார். "டீ குடுத்தான். போட்டோவ ரொம்ப நேரம் பாத்தான். பெறகு, 'எல்லாம் சரி வே, பேஷண்ட் மாத்திரை கேக்கான். குடுக்கலன்னா எதுத்த கிளினிக்குக்குப் போயிருவாம்லா'ன்னான்."

"நீங்க என்ன சொன்னிய?"

"எதுத்த கிளினிக் நாந்தான வே, நானும் குடுக்க மாட்டேன், எங்க போவான்னேன்."

சோறு புரையேறும் அளவுக்குச் சிரித்தேன். இவரும் சிரித்தார். ஆனால் மற்ற இடங்களில் அப்படி நடக்கவில்லை. சிலர் தலையாட்டி அனுப்பினார்கள். ஒருவர், "உங்க பேஷண்டுக்கு வந்ததுக்கு என்னய ஏன் படிக்கச் சொல்லுதிய?" என்று கேட்டிருக்கிறார். இவர் திரும்பி வந்து சட்டையைக் கழற்றாமலே உட்கார்ந்திருப்பார். மறுநாள் மறுபடியும் சாவியை எடுப்பார். கல்யாணமாகி இத்தனை வருஷத்தில் இந்த மனிதரை நான் சரியாகப் பார்த்ததே இல்லையோ என்று எனக்குத் தோன்றியது.

ஒரு நாள் மத்தியானம் ஊளி மீன் குழம்பு வைத்திருந்தேன். இவர் பாதிச் சோறு சாப்பிட்டிருக்கும்போது போன் வந்தது. எதிர் கிளினிக் டாக்டர். ஸ்பீக்கரில் போட்டார்.

"வே, ஒரு அம்மா வந்து உக்காந்திருக்காவ. வலி மட்டுந்தான். வீக்கம் இல்ல, காய்ச்சல் இல்ல. நாளைக்கு வீட்ல விசேஷமாம், மாத்திரை எழுதுன்னு ஒத்தக் கால்ல நிக்காவ. பேனாவ எடுத்துட்டேன் வே. எழுதவா, வேண்டாமா?"

"எழுதாதயும். பல்லத் திறந்து நரம்ப எடும். வலி அங்கனதான் இருக்கு. இன்னைக்கே நிக்கும்."

"எனக்கும் தெரியும் வே. ஆனா அவுக சத்தம் தெரு வரைக்கும் கேக்கு. வீட்டுக்குப் போனபெறகு வீங்கிட்டா எந்தலையிலதான விடியும்? தனியா நிக்க பயமா இருக்கு."

இவர் பிசைந்த சோற்றைத் தட்டிலேயே விட்டுவிட்டு எழுந்தார். "அவுகள இருக்கச் சொல்லும். நான் வாரேன், பக்கத்துல நிக்கேன்" என்றார்.

நான் தட்டை மூடி வைத்தேன். கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு, தன்னோடு வருஷக்கணக்கில் பேசாமல் இருந்த ஒருவருடைய கிளினிக்கில், தனக்குச் சம்பந்தமில்லாத ஒரு பேஷண்டுக்கு மாத்திரை எழுதாமல் இருப்பதற்காக, என் வீட்டுக்காரர் அந்த உச்சி வெயிலில் வண்டியை எடுத்துக்கொண்டு போனார்.