இறாலின் குடல்கோடு

பல்லடம் பக்கம் எங்கள் கோழிக் கொட்டகையில் இப்போது இறால்தான் இருக்கிறது. கோழி கட்டுப்படியாகாமல் போன பிறகு, என் மகள் அங்கே தார்ப்பாய்த் தொட்டி அமைத்து, உப்பாக வரும் போர்த்தண்ணீரை நிரப்பி இறால் குஞ்சு விட்டாள்.

நான் இறால் தின்றதில்லை. பார்த்துக்கொண்டு மட்டும் இருப்பேன். மனிதர் முகத்தை நிமிர்ந்து பார்க்க எனக்குக் கூச்சம். இறாலை எவ்வளவு நேரமும் பார்க்கலாம். கண்ணாடி உடம்பு, முதுகோரம் பழுப்பாக ஒரு கோடு. அதுதான் குடல். தின்றது அப்படியே தெரியும். காற்று மோட்டார் ஓடும் சத்தத்தில், எழும்பும் குமிழிகளோடு நானும் எங்கோ போய்விடுவேன்.

மாசியில் அந்தக் கோடுகள் வெளுத்தன. பனியன் கம்பெனிக் கழிவு நூல்போல வெள்ளை வெள்ளையாக இறாலின் கழிவு மிதந்தது. தொட்டிக்குள் இறக்கும் தட்டில் தீவனம் தின்னாமல் அப்படியே கிடந்தது.

"இதுவும் போச்சுன்னா திங்கக்கிழம பனியன் கம்பெனி வேலைக்கு வேன்ல ஏறிக்கறேம்மா. சொல்லி வெச்சுட்டேன்" என்றாள் மகள். தொட்டியை வெறித்துக்கொண்டே சொன்னாள்.

தீவனக் கடைக்காரர் ஒரு பொடி கொடுத்திருந்தார். அதிலிருக்கும் நல்ல கிருமி குடலில் பெருகினால் கெட்டது அடங்குமாம். ஒரு வாளி நாட்டுச்சர்க்கரைத் தண்ணீரில் அதை ஊறவைத்து, தீவனத்தில் பிசைந்து போட்டாள். ஒன்றும் ஆகவில்லை. அவரே பார்க்க வந்தார். நான் தூணுக்குப் பின்னால் நின்றுகொண்டேன்.

வாளியை மோந்து பார்த்தார். "ஏனுங்கம்மிணி, நுரையுமில்ல, புளிப்பு வாசமுமில்ல. எந்தத் தண்ணீங்க?"

"நல்ல தண்ணிதானுங்கண்ணா. குழாய்ல வர்ற ஆத்துத்தண்ணி. சோத்துக்கு வெச்ச கொடத்துலிருந்து ஊத்துனேன்."

அவர் சிரித்துவிட்டார். "அதுல பிளீச்சிங் பவுடர் போட்டுத்தானுங்க உடறாங்க. அது நல்ல கிருமி, கெட்ட கிருமின்னு பாக்குமுங்களா? விருந்து வெச்சே கொன்னுபோட்டீங்க. உங்க போர்த்தண்ணியே போதுமுங்க."

எங்கள் ஊரில் குழாய்த் தண்ணீர் என்றைக்கோதான் வரும். சோற்றுக்கும் விருந்தாளிக்கும் மட்டுமென்று எடுத்து வைப்போம். அதைப் போய் இறாலுக்குக் கொடுத்திருக்கிறாள். எனக்கு அவளை அணைத்துக்கொள்ள வேண்டும்போல இருந்தது.

போர்த்தண்ணீரில் ஊறவைத்த மறுநாளே வாளி பொங்கி நுரைத்தது. கொட்டகையெங்கும் புளித்த மாவு வாசம். அதையே தினமும் தீவனத்தில் பிசைந்து போட்டாள்.

திங்கட்கிழமை விடிந்ததும் வேன் ஹாரன் அடித்தது. மதியச் சோற்றுப் போசியைக் கையில் எடுத்தவள், தீவனத் தட்டைக் கடைசியாக ஒருமுறை தூக்கிப் பார்த்தாள். தட்டு காலி. ஓர் இறாலை வெளிச்சத்தில் பிடித்தாள். தலையிலிருந்து வால்வரை பழுப்புக் கோடு. தொட்டியில் மற்ற சிலவற்றில் கோடு இன்னும் பாதிதான்.

மறுபடி ஹாரன்.

"நீ போய்ச் சொல்லும்மா" என்றாள், தட்டிலிருந்து கண்ணை எடுக்காமல்.

நான் போனேன். டிரைவர் முகத்தை நிமிர்ந்து பார்த்தேன்.

"புள்ள வரலீங்க. இறால் தின்னுதுங்க."