பழுகாமத்துக் கிற்றாரும் நான் முறுக்கிய ஆறு ஆணிகளும்

கிற்றாரையும் அதன் சத்தத்தைப் பெருக்கும் அம்ப்பையும் கணினியோடு இணைத்துக் கொடுப்பதை எங்கள் பக்கத்தில் யாரும் ஒரு தொழிலாக எண்ணுவதில்லை. நாற்பத்தொரு வயதிலும் என்னை "வயர் குத்துற பொடியன்" என்றுதான் சொல்கிறார்கள். கிற்றார் பழக்கும் மென்பொருள்கள் வந்த பிறகு, மட்டக்களப்பு டவுனில் இருக்கும் என் சிறிய கடைக்கு இந்த வேலை அடிக்கடி வருகிறது. கிற்றாரிலிருந்து ஒரு சிறு பெட்டிக்கும், பெட்டியிலிருந்து மடிக்கணினிக்கும் வயர் போகும். நீங்கள் வாசிப்பதைக் கணினி கேட்டு, சரியென்றால் பச்சை காட்டும், பிழையென்றால் சிவப்பு. என்னைப் போல அடுத்தவர் வீட்டு மேசைக்கடியில் தவழ்ந்து முதுகு பிடித்துக்கொண்டவர்கள் யாராவது இதை வாசித்தால், முதல் கதைக்கு மட்டும் சிரியுங்கள். மற்றவை ஒரே வீட்டில் நடந்தவை. அங்கே பிழை விட்டது நான்.

தொட்டால் அடங்கும் இரைச்சல்

பெரியகல்லாற்றில் ஒரு கணித ஆசிரியை. அம்ப்பைப் போட்டதும் தேனீக்கூடு கலைந்ததுபோல ஓர் இரைச்சல். கம்பியில் கை வைத்தால் நிற்கிறது, எடுத்தால் மறுபடி தொடங்குகிறது. பூமிக் கம்பி ஒழுங்காகப் போடாத வீடுகளில் இது வழமை. மடிக்கணினியின் சார்ஜரைக் கழற்றிவிட்டு, பற்றரியில் மட்டும் வேலை செய்யச் சொன்னேன். பாதிக்கு மேல் அடங்கிவிட்டது.

கிற்றாரை மடியில் வைத்தபடியே ரீச்சர் சொன்னார்: "கை வச்சாச் சும்மா இரிக்கி, எடுத்தா அழுகுது. என்ட கடைசிப் புள்ளையும் இப்படித்தான் தம்பி."

ஒரு பாட்டு

பழுகாமத்திலிருந்து தவராசா அண்ணன் கூப்பிட்டார். வயது ஐம்பத்தாறு, வயல் வேலை. வயல்வட்டையில் நின்றவர் கால் கழுவிவிட்டு வந்து கதவைத் திறந்தார். மேசையில் ஒரு மின்கிற்றார், சின்ன அம்ப், மடிக்கணினி, மூன்றும் மகள் தர்சினியுடையவை. அவளுக்கு இருபத்திரண்டு வயது. பத்து மாதத்துக்கு முன், மாரி வெள்ளத்தின்போது காய்ச்சலில் போய்விட்டாள்.

அவள் தானாகவே ஒரு பாட்டுக் கட்டியிருந்தாள். நாலு வரி, கம்பிகளில் விரல் வைக்கும் நாலே பிடிகள். எந்த வரிக்கு எந்தப் பிடி என்று கொப்பியில் எழுதியும் வைத்திருந்தாள். ஆண்டுத் திவசத்தன்று, கைபேசியில் இருக்கும் அவள் குரலைப் போட்டுவிட்டு, அதோடு சேர்த்து அதே கிற்றாரை அவர் வாசிக்க வேண்டும். டவுனுக்கு வகுப்புக்குப் போய்ச் சின்னப் பிள்ளைகளோடு குந்தியிருக்க வெட்கமாம். அதனால்தான் இந்த மென்பொருள். மகளின் பதிவைக் கேட்கிறீர்களா என்று கைபேசியை நீட்டினார். எனக்கு இன்னொரு வீட்டுக்குப் போக வேண்டியிருந்தது. பிறகு கேட்கிறேன் என்றேன்.

எந்தக் கிற்றாரைக் கையில் எடுத்தாலும் நான் முதலில் செய்வது சுருதி கூட்டுவதுதான். மென்பொருளும் அதைத்தான் முதலில் கேட்கும். வாய் பேசிக்கொண்டிருக்க, கை கிற்றாரின் தலையிலுள்ள கம்பி ஆணிகளை முறுக்கும். தளர்ந்த கம்பிகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவில் இறங்கியிருக்கும். இந்தக் கிற்றாரில் ஆறும் கிட்டத்தட்ட ஒரே அளவு இறங்கியிருந்தன. அதைக் கண்டேன், ஆனால் யோசிக்கவில்லை. பத்து மாதம் சும்மா கிடந்ததுதானே என்று ஆறையும் ஏற்றிவிட்டேன். ஆறும் பச்சையாகின. ஐந்நூறு பாட்டுப் பழகலாம் என்று மென்பொருளின் பட்டியலைப் பெருமையாகத் திறந்து காட்டினேன்.

அவர் பட்டியலைப் பார்க்கவேயில்லை. "அவ்வளவு வேணாம் தம்பி, எனக்கு ஒண்டு போதும்."

பிந்தி வரும் சத்தம்

மூன்று கிழமையில் மறுபடி கூப்பிட்டார். அடித்துக் கொஞ்சம் பொறுத்துத்தான் சத்தம் வருகிறதாம். போய்ப் பார்த்தால் அம்ப் துணியால் மூடிக் கிடந்தது. வருசம் திரும்பாத வீட்டில் பாட்டும் கூத்துமா என்று அயலில் யாரோ கேட்டுவிட்டார்களாம். அதனால் வயர் இல்லாத சின்ன ஸ்பீக்கர் ஒன்றைக் கணினியில் இணைத்து, மெதுவாக வைத்துக்கொண்டிருந்தார். வயரில்லாமல் போகும் ஒலி கொஞ்சம் பிந்தும். அதைக் கேட்டு வாசிப்பவரும் பிந்துவார். கணினி சிவப்புக் காட்டாமல் என்ன செய்யும்?

ஸ்பீக்கரைக் கழற்றி, வயர் உள்ள ஹெட்போனைப் பெட்டியில் குத்திக் கொடுத்தேன். இப்போது பிந்தாது, அயலுக்கும் கேட்காது என்றேன். மாரியில் வெள்ளம் நின்று இப்போது காய்ந்து கிடந்த ரோட்டைப் பார்த்தபடி சொன்னார்: "இந்த வீட்டுக்கு எல்லாம் பிந்தித்தான் தம்பி வாறது. அண்டைக்கு வாகனமும் பிந்தித்தான் வந்தது."

தேத்தண்ணி குடிக்காமல் வந்துவிட்டேன்.

பச்சை

திவசத்துக்கு ஒன்பது நாள் இருக்கும்போது அவருடைய மனைவி பரமேசு அக்கா கைபேசியில் பேசினா. அவர் கிற்றாரைக் கட்டிலுக்குக் கீழே வைத்துவிட்டார், இனித் தொடமாட்டேன் என்கிறார் என்றா. நான் கடையைப் பூட்டிவிட்டுப் போனேன்.

கிற்றாரை எடுத்து ஒருமுறை வாசித்துக் காட்டச் சொன்னேன். கணினியில் எல்லாம் பச்சை. வெடித்த விரல்களில் பிளாஸ்ரர் ஒட்டிக்கொண்டு அந்த மனிதர் நாலு பிடிகளையும் பழுதில்லாமல் பிடித்தார். கடையில் வேலை பழகியவன் நான், என்னால் இவ்வளவு துப்புரவாக வராது. பிறகு என்ன குறை என்று கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டு சொன்னார்: "லப்டொப் சரி எண்டுது தம்பி. மகளோட வாசிச்சா இடிக்குது. என்ட கைதான் பிழை."

ஆணிகள்

அப்போதுதான் அந்தப் பதிவை முதன்முதலாகக் கேட்டேன். முதல் வரி முடிவதற்குள் விளங்கிவிட்டது. தர்சினியின் குரல் தணிந்த குரல். அதற்கு ஏற்றபடி ஆறு கம்பிகளையும் கொஞ்சம் இறக்கி வைத்திருந்தாள். கருவி வைத்துப் பார்த்த அளவல்ல, தன் தொண்டையைக் கேட்டு இறக்கிய அளவு. அதைத்தான் நான் போகிற அவசரத்தில் ஏற்றிவிட்டேன். இரண்டு மாதமாக அந்த மனிதர் என் பிழையைத் தன் கையில் தேடிக்கொண்டிருந்திருக்கிறார்.

சொல்லாமல் இறக்கிவிட்டு வந்திருக்கலாம். அவருக்குத் தெரிந்திராது. ஆனால் பிளாஸ்ரர் ஒட்டிய அந்த விரல்களைப் பார்த்துக்கொண்டு மறைக்க மனம் வரவில்லை. எல்லாவற்றையும் சொன்னேன், மன்னிப்பும் கேட்டேன். பரமேசு அக்கா எழும்பிக் குசினிக்குள் போய்விட்டா. தவராசா அண்ணன் கோபப்பட்டிருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். அவர் கிற்றாரின் தலைப்பக்கத்தை விரலால் தடவிக்கொண்டிருந்தார்.

"அந்த ஆணியிலதான் தம்பி அவள்ட கை கடைசியாப் பட்டது."

திவசத்தன்று

நான் மன்னிப்புக் கேட்ட அன்றைக்கே, வெகுநேரம் கழித்து, திருப்பி இறக்க ஏலுமா என்று அவர்தான் கேட்டார். ஆணிகளை நான் தொடவில்லை. அவர் முறுக்க, நான் பதிவை நிறுத்தி நிறுத்திப் போட்டேன். கம்பி கம்பியாக அவள் குரலோடு சேர்த்தோம். சேர்ந்ததும் கணினியில் எல்லாம் சிவப்பாகிவிட்டது. அதற்கும் மென்பொருளில் ஓர் அமைப்பு இருக்கிறது, மாற்றித் தருகிறேன் என்றேன். அவர் மடிக்கணினியை மூடி மகளின் அலுமாரிக்குள் வைத்துவிட்டார்.

திவசத்துக்கு என்னையும் கூப்பிட்டிருந்தார்கள். படையல் முடிந்து சனம் சாப்பிட உட்காருமுன், அம்ப்பின் மேலிருந்த துணியை எடுத்தார். அயலவர்களும் இருந்தார்கள், யாரும் தடுக்கவில்லை. கைபேசியில் மகள் பாடத் தொடங்கினாள், அவர் வாசித்தார். இடிக்கவில்லை. இரண்டாவது வரியில் அவர் பிடியைத் தவறவிட்டு நின்றுவிட்டார். அவள் பாடிக்கொண்டே போனாள். ஒரு வரி முழுக்க அவள் தனியாகத்தான் பாடினாள். நாலாவது வரியில் அவர் போய்ச் சேர்ந்துகொண்டார்.

எல்லோரும் அழுதோம், நானும்தான். பரமேசு அக்கா மட்டும் அழவில்லை. எனக்குச் சோறு போட்டுக்கொண்டே சொன்னா: "புள்ள நிக்கல்ல, பாத்தீங்களா தம்பி. அவர்தான் ஓடிப் புடிச்சார்."

இப்போதெல்லாம் கடைக்கு யார் கிற்றார் கொண்டுவந்தாலும் இதைக் கடைசியாக முறுக்கியது யார் என்று கேட்டுவிட்டுத்தான் தொடுகிறேன். வயர் குத்துகிற பொடியனுக்கு மூளை கலங்கிவிட்டது என்று டவுனில் ஒரு கதை உலாவுகிறது, உலாவட்டும்.