பத்து மணிப் பால்

உடும்பஞ்சோலை ஏலத்தோட்டத்தில் பேச்சியம்மாளுக்குச் சண்டைக்காரி என்று பெயர். அந்தப் பெயர் அவளுக்குச் சும்மா கிடைத்துவிடவில்லை.

1951-இல் அவளுடைய கடைசி மகன் கைக்குழந்தை. பிள்ளையைக் குடியிருக்கும் லயத்து வீட்டுத் தூளியில் போட்டுவிட்டு வருகிற பெண்கள், பால் கட்டிய மார்போடு சாயங்காலம்வரை காய் பறிப்பதுதான் அப்போது தோட்டத்து வழக்கம். ஒருநாள் காலை பத்து மணிக்குப் பேச்சியம்மாள் கூடையை இறக்கி வைத்தாள்.

“எங்க போற?” என்றார் கங்காணி மாடசாமி.

“புள்ளைக்குப் பால் குடுக்க. இல்லைன்னா நீங்க போய்க் குடுத்துட்டு வாங்க, நான் பறிக்கிறேன்.”

மற்ற பெண்களும் சிரித்துக்கொண்டே கூடைகளை இறக்கினார்கள். மறுநாளும் இறக்கினார்கள். மாடசாமி கத்திப் பார்த்து ஓய்ந்தார். பிறகு பத்து மணி பால் நேரம் என்று தோட்டமே ஒப்புக்கொண்டது.

எட்டு வருடம் கழித்துப் பேச்சியம்மாள் காய்ச்சலில் இறந்தாள். அன்று ஒருவரும் வேலைக்குப் போகவில்லை. மூத்த மகள் சாந்தம்மாள் தாயின் மேல் விழுந்து அழுதுகொண்டிருக்க, அவளுடைய கைக்குழந்தை பசியில் வீறிட்டது. அவளை எழுப்ப யாருக்கும் மனம் வரவில்லை. மாடசாமிதான் கிட்டே போனார்.

“எந்திரி தாயி, பத்து மணியாச்சு. புள்ளைக்குப் பால் குடுத்துட்டு வந்து அழு. ஒங்க ஆத்தா எங்கிட்ட சண்ட போட்டு வாங்குன நேரம் இது.”