பள்ளிக்கூட வாசலில் நான் சொன்ன பதில்

மூன்று வருடங்களுக்கு முன்பு நாங்கள் அனுமந்தன்பட்டியில் குடியிருந்தபோது நடந்தது இது. என் மகள் அப்போது இரண்டாம் வகுப்பு. பள்ளிக்கூடத்துக்குப் பல் டாக்டர்கள் வருகிறார்கள், சொத்தை விழாமல் இருக்கக் கடைவாய்ப் பல்லில் ஒரு பூச்சு போடுவார்கள், சம்மதமென்றால் கையெழுத்துப் போட்டு அனுப்புங்கள் என்று ஒரு தாள் கொடுத்துவிட்டார்கள். நான் அதை முழுசாக வாசிக்கவில்லை.

மறுநாள் காலை வாசலில், மகளுடன் படிக்கும் பெண்ணின் அம்மா அந்தத் தாளை நீட்டினாள். திராட்சைத் தோட்டத்துக்கு வேலைக்குப் போகிறவள்.

"அக்கா, நீங்க படிச்சவுக. இதுல கையெழுத்துப் போடலாமா?"

"விழுந்து முளைக்கிற பல்லுக்கு எதுக்குப் பூச்சு? என்ன கெமிக்கலோ, வேணாம்" என்றேன்.

அவள் தாளை மடித்துக்கொண்டாள். பக்கத்தில் நின்ற நாலைந்து அம்மாக்களும் தலையாட்டினார்கள். எனக்கு உள்ளுக்குள் கொஞ்சம் பெருமை.

இரண்டு மாதம் கழித்து மகளுக்குப் பல்லில் கூச்சம் என்று தேனியில் ஒரு பல் டாக்டரிடம் கூட்டிப்போனேன். "ஆறு வயசுல பின்னாடி முளைக்கிற பல்லு விழாதும்மா. ஆயுசுக்கும் இதுதான்" என்றார் டாக்டரம்மா. ஊசி இல்லை, வலி இல்லை. பல்லின் பள்ளத்தில் ஏதோ தடவி, நீல வெளிச்சம் காட்டினார். சீக்கிரமே முடிந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் போடவிருந்ததும் இதே பூச்சுதான்.

வாசலில் கேட்டவளிடமும் மற்ற அம்மாக்களிடமும் சொல்ல வேண்டும் என்று பஸ்ஸில் வரும்போதே நினைத்தேன். சொல்லவில்லை. தெரியாமல் பேசிவிட்டேன் என்று ஒத்துக்கொள்ள வாய் வரவில்லை. தினமும் அந்தத் தாளை நீட்டியவளைப் பார்த்தேன், சிரித்தேன், நலம் விசாரித்தேன். அதை மட்டும் சொல்லவில்லை.

அடுத்த வருடம் அவள் மகள் கன்னம் வீங்கி ஒரு வாரம் பள்ளிக்கு வரவில்லை. திரும்பி வந்தபோது, மறுபடி முளைக்காத அந்தக் கடைவாய்ப் பற்களில் கீழே ஒன்று இல்லை.

"ராத்திரியெல்லாம் அழுதுச்சுக்கா. புடுங்கித்தேன் ஆகணும்னு சொல்லிட்டாக. ஒங்க பிள்ளைக்கு மட்டும் பல்லு எப்படி இருக்கு பாருங்க" என்றாள் அவள், பொறாமையே இல்லாமல்.

நான் வாய் திறக்குமுன் என் மகள் சொன்னாள்: "எனக்குத்தேன் தேனில பூச்சு போட்டாகளே!"

அந்த அம்மா என்னைப் பார்த்தாள். எனக்குத் தலை தானாகக் குனிந்தது.

"ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம்லக்கா" என்றாள். அவ்வளவுதான். மகளின் கையைப் பிடித்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

அன்று சாயங்காலமே அவள் வீட்டுக்குப் போய் மன்னிப்புக் கேட்டேன். "விடுங்கக்கா" என்று காபி கொடுத்தாள். மறுநாள் மற்ற அம்மாக்களிடமும் நடந்ததைச் சொன்னேன். இரண்டு பேர் அந்த வாரமே பிள்ளைகளைத் தேனிக்குக் கூட்டிப்போனார்கள். அவளும் தன் சின்ன மகளுக்குப் பூச்சு போடச் செய்தாள். ஆனால் அதைப் பற்றி அவள் விசாரித்தது டீச்சரிடம். என்னிடம் கேட்கவில்லை.

தெரியாமல் சொன்னதை யாரும் மன்னித்துவிடுவார்கள். தெரிந்த பிறகும் என் கௌரவத்துக்காக வாயை மூடிக்கொண்டிருந்த அந்த நாட்களை என்னால் இன்னும் மன்னிக்க முடியவில்லை.