பாட்டிலில் போட்ட கோடு

எங்கள் வீட்டில் எழுதப் படிக்கத் தெரிந்த முதல் ஆள் நான். இதைச் சொல்லும்போது இன்றும் என் முதுகு தானாக நிமிரும். பன்னிரண்டாம் வகுப்புப் பரீட்சை எழுதிவிட்டு ரிசல்ட்டுக்காகக் காத்திருந்த கோடையில், தாம்பரத்தில் ஒரு மகளிர் மன்றத்தில் பத்து நாள் பயிற்சி நடந்தது. ஜாம், ஸ்குவாஷ், கண்ணாடிக் கப்பில் கஸ்டர்டும் ஜெல்லியும் அடுக்கி அலங்கரிப்பது எல்லாம் சொல்லிக் கொடுத்தார்கள். டீச்சர் சொன்னதை ஒரு வார்த்தை விடாமல் நோட்டில் எழுதினேன். முக்கியமான இடங்களில் சிவப்பு மையால் அடிக்கோடு வேறு. அந்த வகுப்பில் என் அளவுக்கு யாரும் எழுதவில்லை.

அப்பா ராஜகீழ்ப்பாக்கம் பக்கத்து மாந்தோப்புகளில் காய் பறிக்கிற கூலியாள். அவரைச் சின்ன வயதில் நைனா என்றுதான் கூப்பிட்டேன். பள்ளிக்கூடத்தில் மற்றப் பெண்கள் அப்பா என்பதைக் கேட்டு நானும் மாற்றிக்கொண்டேன். முதல்நாள் அப்படிக் கூப்பிட்டபோது, யாரையோ கூப்பிடுகிறேன் என்று நினைத்து அவர் திரும்பவே இல்லை.

அந்த வருஷம் அவர் காலில் முள் குத்திய புண் ஆறாமல் கிடந்தது. ஆஸ்பத்திரியில் சர்க்கரை வியாதி என்றார்கள். எதைச் சாப்பிடலாம், எது கூடாது என்று ஒரு தாள் கொடுத்தார்கள். வீட்டில் அதைப் படிக்கத் தெரிந்தவள் நான் ஒருத்திதான். கொஞ்ச நாளில் அந்தத் தாளாக நானே ஆகிவிட்டேன்.

அம்மா வேலை செய்த வீட்டு அக்கா, தன் மகளின் பிறந்தநாளுக்கு இருபது கப் செய்து தரச் சொன்னாள். ஜாமை மட்டும் வீட்டில் செய்து எடுத்து வந்தால் போதும், மற்றதை அங்கே ஃபிரிட்ஜில் வைத்துச் செய்துகொள்ளலாம் என்றாள். சேதி கேட்டதும் அப்பா காலை இழுத்துக்கொண்டே தோப்புக்குப் போய் ஒரு பை ருமானி மாம்பழம் வாங்கி வந்தார். ஜாமுக்கு ரொம்பப் பழுத்தது ஆகாது என்று நான் சொல்ல வாயெடுத்தேன். பையில் இருந்தது எல்லாமே முக்கால் பழம்.

மறுநாள் காலை அம்மா வேலைக்குப் போனதும் அடுப்பில் வைத்தேன். கொதிக்கக் கொதிக்க மஞ்சளாக நுரை பொங்கியது. பாயில் கிடந்த அப்பா தலையைத் தூக்கினார்.

"இன்னாம்மா, வாசன பஸ் ஸ்டாப் வரிக்கும் போவும் போலகீதே! கரண்டில ஒட்டிக்கினு கீறத குடேன், நக்கிட்டுத் தரேன்."

"உனக்கு ஆகாதுன்னு தாள்ல போட்டிருக்குப்பா."

"தாளுக்கு இன்னா தெரியும் மாம்பழத்த பத்தி?"

நான் சிரிக்கவில்லை. அவர் கண் முன்னாலேயே கரண்டியைத் தண்ணீரில் முக்கிக் கழுவினேன்.

நுரையோடு சேர்த்தே ஜாமைப் பாட்டிலில் வழித்து ஊற்றினேன். நுரையும் மாம்பழம்தானே, ஏன் வீணாக்க வேண்டும் என்று நினைப்பு. 'மாம்பழ ஜாம்' என்று அழகாக எழுதி ஒட்டிவிட்டு, ஜாம் நின்ற மட்டத்தில் பேனாவால் ஒரு கோடு இழுத்தேன்.

"அது இன்னா கோடு?"

"யாராவது எடுத்தா தெரியுமில்ல."

"பலே! போலீஸ்காரம்மா வூட்லயே கீறாங்க," என்று சொல்லித் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

கஸ்டர்ட் பவுடரும் செர்ரியும் வாங்க மார்க்கெட்டுக்குப் போனேன். திரும்பி வர மணி நாலு. பாட்டிலைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே இறங்கியிருந்தது ஜாம்.

அப்போதுதான் அம்மாவும் வந்து செருப்பைக் கழற்றிக்கொண்டிருந்தாள். வாசல் குழாயடியில் இரண்டு பெண்கள் குடத்தோடு நின்றிருந்தார்கள். யார் இருக்கிறார்கள் என்று நான் பார்க்கவில்லை.

"கால எடுக்கணும்னு டாக்டர் சொன்னாத்தான் அடங்குவியா? திருடித் தின்னணுமா?" என்று கத்தினேன்.

அப்பா எழுந்து உட்கார்ந்தார். பாட்டிலைப் பார்த்தார். கோட்டைப் பார்த்தார். பிறகு தன் வலது கையை விரித்து, திருப்பித் திருப்பிப் பார்த்தார். குற்றம் செய்தவர் முழிக்கிற முழி என்றே நான் எடுத்துக்கொண்டேன்.

"இன்னாண்ணா, பொண்ணுகிட்ட மாட்டிக்கினியா?" குழாயடியிலிருந்து ஒருத்தி கேட்டாள். மற்றவள் சிரித்தாள். அப்பாவும் லேசாகச் சிரித்தார்.

கப்புகள் நன்றாகவே வந்தன. அடியில் ஜாம், மேலே பிஸ்கட் தூள், அதன்மேல் கஸ்டர்ட், ஓரமாக டூட்டி ஃப்ரூட்டி, நடுவில் ஒரு செர்ரி. "காலேஜ் போகப்போற பொண்ணுன்னா சும்மாவா?" என்று அந்த வீட்டு அக்கா எல்லோரிடமும் சொன்னாள். நான் தலை நிமிர்ந்து நடந்து வந்தேன்.

அதற்குப் பிறகு அப்பா என்னிடம் எதுவும் கேட்டதில்லை. நான் அடுப்பு மூட்டினால் எழுந்து வெளியே போய்விடுவார். நான் வீட்டில் இல்லாத நேரத்தில் அடுப்பு இருந்த பக்கமே வரமாட்டார் என்று அம்மா சொன்னாள். தாளின்படி நடக்கிறார் என்று எனக்குத் திருப்தி. ஐப்பசி மழையில் புண் மேலே ஏறியது. காலை எடுத்தார்கள். பத்து நாளில் ஆஸ்பத்திரியிலேயே போய்விட்டார்.

அடுத்த கோடையில் அதே வீட்டிலிருந்து அதே இருபது கப். இந்த முறை ருமானியை மார்க்கெட்டில்தான் வாங்கினேன். ஜாம் காய்ச்சி, நுரையோடு ஊற்றி, பேரை எழுதி ஒட்டி, கைப்பழக்கத்தில் கோடும் போட்டேன். அதன் பிறகுதான் உறைத்தது, யாருக்காகப் போடுகிறேன் என்று. அம்மா வேலைக்குப் போயிருந்தாள். நான் எங்கும் போகவில்லை. சுவரில் சாய்ந்து உட்கார்ந்தவள் அப்படியே இருந்தேன்.

வெயில் சாய்ந்தபோது பாட்டிலைப் பார்த்தேன். கோட்டுக்கு ஒரு விரல் கீழே நின்றது ஜாம்.

நோட்டைத் தேடி எடுத்தேன். மூன்றாம் நாள் பாடத்தில், என் கையெழுத்தில், சிவப்பு அடிக்கோட்டுடன் இருந்தது: 'நுரையை எடுத்துவிட்டு ஊற்றவும். நுரை அடங்கி, ஜாம் ஆறியதும் மட்டம் இறங்கும்.'

அம்மா வந்ததும் பாட்டிலை அவள் முன்னால் வைத்தேன். காலையிலிருந்து யாரும் இதைத் தொடவில்லை, தானாகவே இறங்கியிருக்கிறது என்றேன். அவளுக்குப் புரியக் கொஞ்ச நேரமானது.

"அப்ப அவரு எடுக்கலியா?"

"எடுக்கல."

அம்மா தரையில் உட்கார்ந்தாள்.

"எங்கிட்ட எத்தினி வாட்டி கேட்டாரு தெரிமா? நான் எடுத்த மாரியே நெனப்பு இல்லடி, ஆனா படிச்ச பொண்ணு கோடு போட்டுகீது, அது தப்பா போவுமா, தூக்கக் கலக்கத்துல எடுத்துட்டனோ இன்னாவோன்னு. ஆஸ்பத்திரில கூட கேட்டாரு. இனிமே அது பக்கமே போவ மாட்டேன், பொண்ணாண்ட சொல்லுன்னாரு."

"நீ ஏன் எங்கிட்ட சொல்லல?"

"நீதான் கோடு போட்டிருந்தியே," என்றாள் அம்மா. அவளும் என்னை நம்பித்தான் இருந்திருக்கிறாள்.

மறுநாள் சாயங்காலம் கப்புகளைக் கொடுத்தாக வேண்டும். பாட்டிலை நிரப்ப, மிச்சமிருந்த பழத்தை நறுக்கி இன்னொரு தடவை காய்ச்சினேன். இந்த முறை நுரையைக் கரண்டியால் வழித்து வழித்து ஒரு டம்ளரில் எடுத்தேன். டம்ளர் பாதிக்கு மேல் நிறைந்தது. அம்மாவிடம் நீட்டினேன். அவள் வேண்டாம் என்று தலையாட்டினாள். நானும் குடிக்கவில்லை. காலையில் அதில் எறும்பு மொய்த்திருந்தது.