பஸ் அண்ணனின் இடப்பக்கம்

லாபு தோட்டச் சாலையில் அந்த மோட்டார் சைக்கிள் வந்த விதம் இன்னும் கண்ணில் நிற்கிறது. செம்பனை மரங்களுக்கு நடுவே இருந்த மண்பாதையிலிருந்து, எங்களுக்கு இடப்பக்கம், தூரத்திலேயே தெரியும்படிதான் வந்தது. எனக்கு முன்னால் சைக்கிளில் போன பஸ் அண்ணன் தலையைத் திருப்பவே இல்லை. நான் கத்தினேன். மோட்டார்காரர் சட்டென்று நிறுத்தியதால் அண்ணன் தப்பினார்.

எங்கள் ஊரான பாரோயில் பள்ளிப் பிள்ளைகளை ஏற்றும் பஸ் அவருடையது. அதனால்தான் அந்தப் பெயர். அவரே ஓட்டுவார். என் மகளும் அதில்தான் போனாள். சனிக்கிழமைகளில் நாங்கள் நான்கு பேர் சைக்கிளில் கிளம்புவோம். அன்று சி ரூசா கடற்கரை வரை போவதாகப் பேச்சு.

அடுத்து வந்த சாலையோர ஒட்டுக்கடையில் நிறுத்தினோம். மற்ற இருவரும் டயரைப் பார்த்துக்கொண்டு வெளியே நின்றார்கள். கடைக்கார அம்மா தேநீரை அண்ணனுக்கு இடப்பக்கம் வைத்துவிட்டுப் போனார். கொஞ்ச நேரம் கழித்து, “என் தே இன்னும் வரல லா” என்றார் அண்ணன். கிளாஸ் அவர் முழங்கை அருகிலேயே இருந்தது. நான் அதை வலப்பக்கம் நகர்த்தினேன். அவர் முகம் மாறியது.

“எவ்வளவு நாளாண்ணே?”

“ஒரு வருசம் இருக்கும். அந்தப் பக்கம் மங்கல், அவ்வளவுதான். பஸ்ஸுல சைடு கண்ணாடியப் பாத்து ஓட்டிக்கிறேன் லா.”

“திங்கக்கெழம பஸ் எடுக்காதீங்க. மொதல்ல ஆஸ்பத்திரிக்குப் போவோம்.”

“உன் மக ஏறுறான்னுதானே பயப்படுற?”

“ஆமாண்ணே. அவளுக்காகவும்தான்.”

தேநீரைக் குடிக்காமலே எழுந்து சைக்கிளை மிதித்தார். மீதி வழி முழுக்க நான் அவருக்கு இடப்பக்கமாகவே ஓட்டினேன். இரண்டு முறை “தள்ளிப் போ” என்றார். போகவில்லை. ஆனால் நான் அப்படியொன்றும் துணிச்சல்காரன் இல்லை. மகளை நானே பள்ளியில் கொண்டுபோய் விட்டுவிட்டு, வாயை மூடிக்கொண்டு இருந்துவிடலாமா என்றுகூட வழியில் யோசித்தேன். மற்ற பிள்ளைகளின் முகங்கள் ஒவ்வொன்றாக நினைவுக்கு வந்தபோது கூச்சமாக இருந்தது.

சி ரூசாவில் மற்ற இருவரும் தண்ணீரில் இறங்கினார்கள். அண்ணன் என் பக்கத்தில் வந்து மணலில் உட்கார்ந்தார். இடுப்புப் பையிலிருந்து பஸ் சாவியை எடுத்து என் கையில் வைத்தார்.

“நானே கேட்டாலும் குடுக்காத.”

மறுநாள் மாலையே போன் செய்து கேட்டார். முடியாது என்றேன். எழுத முடியாத வார்த்தைகளில் திட்டிவிட்டு வைத்தார். திங்கட்கிழமை விடியும் முன் கதவு தட்டப்பட்டது. முன்பின் தெரியாத ஒருவர் நின்றார். “பஸ் அண்ணன் அனுப்புனாரு. இனிமே நான்தான் ஓட்டப் போறேன். சாவி வேணும்.” எடுத்துக் கொடுத்தேன்.

போன பார்வை போனதுதான், இருப்பதைக் காப்பாற்றலாம் என்றாராம் அண்ணனைப் பார்த்த ஆஸ்பத்திரி டாக்டர். அண்ணன் சில மாதங்கள் என்னோடு பேசவில்லை. இப்போது சனிக்கிழமை காலையில் வந்து எங்களோடு பசியாறிவிட்டு, எங்களை வழியனுப்பிவிட்டுப் போகிறார். சைக்கிள் ஓட்டுவதில்லை.

போன வாரம் அவர் மனைவியும் வந்திருந்தார். அந்த ஞாயிற்றுக்கிழமை முழுவதும் சாவியைச் சட்டைப்பையிலேயே வைத்துக்கொண்டு நான் பயந்து கிடந்ததை அண்ணியிடம் சொன்னேன். அண்ணி என்னை வியப்பாகப் பார்த்தார்.

“பஸ்ஸுக்கு இன்னொரு சாவி எங்க வீட்டு அலமாரியிலயேதான் இருந்துச்சு தம்பி. அன்னிக்கு ரெண்டு தடவ அலமாரியத் தொறந்து பாத்தாரு. எடுக்கல.”