அழாத பாட்டாகப் பாருங்கள்

என் மகளின் கல்யாண ரிசப்ஷனுக்குப் பாட்டுக் கச்சேரி ஏற்பாடு செய்யும் வேலை என் தலையில் விழுந்ததற்கு ஒரே காரணம்தான். ஆபீஸில் யார் ரிட்டயர் ஆனாலும் மைக்கைப் பிடித்து நாலு ஜோக் அடிக்கிறவன் நான். மைக் பிடிக்கத் தெரிந்தவனுக்குச் சங்கீதமும் தெரியும் என்று வேங்கிக்கால் வட்டாரத்தில் ஒரு நம்பிக்கை இருக்கிறது. மண்டபம், சமையல், பத்திரிகை எல்லாவற்றையும் என் மனைவி எடுத்துக்கொண்டாள்.

"நீங்க பாட்டை மட்டும் பாருங்க. அதுல கெடுக்கிறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள்.

அவளுக்கு என் திறமை முழுசாகத் தெரியாது.

மாப்பிள்ளையின் அம்மா கீழ்பென்னாத்தூரிலிருந்து வந்திருந்தார். வரும்போதெல்லாம் ஒரு பை வேர்க்கடலை கொண்டுவருகிறவர், அதிகம் பேசாதவர், எதையும் கேட்டு வாங்காதவர். கல்யாணப் பேச்சு ஆரம்பித்ததிலிருந்து அவர் என்னிடம் ஒன்று கேட்டார் என்றால் அது அன்றைக்குத்தான்.

"சம்பந்தி, லைட் மியூசிக் நீங்கதான் பாக்குறீங்களாமே?"

"ஆமாங்க. உங்களுக்குப் பிடிச்ச பாட்டு எதுனா இருந்தா சொல்லுங்க. நீங்களே பாடுறதா இருந்தாலும் சரி, தனியா ஒரு மைக் போட்டுடலாம்."

அவர் சிரிக்கவில்லை. "பிடிச்ச பாட்டுன்னு எதுவும் இல்லீங்க. அழுற பாட்டு வேணாம், அவ்ளோதான். பிரிவு, கண்ணீர், சாவு, இந்த மாதிரி ஒரு வார்த்தைகூட வரக் கூடாது. பெரியவன் ரிசப்ஷன்ல ஒண்ணு பாடினாங்க..."

நிறுத்திக்கொண்டார். மீதி எனக்குத் தெரியும். பெரிய மகனின் கல்யாணம் ஒரு வருஷம்கூட நிற்கவில்லை. அந்தப் பெண் அம்மா வீட்டுக்குப் போனவள் போனவள்தான், பிறகு கோர்ட்டில்தான் பார்த்துக்கொண்டார்கள்.

"அந்தப் பாட்டு மட்டும் வரவே கூடாதுங்க" என்று அதன் முதல் வரியைச் சொன்னார். ராகம் இல்லாமல், மருந்துச் சீட்டைப் படிப்பதுபோல. ஊரில் எல்லா பஸ்ஸிலும் ஓடுகிற பாட்டுதான். படத்தில் கடைசியில் ரெண்டு பேரும் செத்துப்போவார்கள்.

"கண்டிப்பாங்க. நீங்க கவலையே படாதீங்க" என்றேன். நான் மிகச் சரளமாகச் சொல்லும் வார்த்தை அது. கண்டிப்பா.

அதே வாரத்தில் என் மகள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். சின்ன வயதில் பல்லி பொம்மை வாங்கித் தரச் சொன்னபோது உட்கார்ந்த அதே மாதிரி.

"அப்பா, நாங்க மேடைக்கு வரும்போது எனக்கு ஒரே ஒரு பாட்டு வேணும். அவரும் அதையேதான் கேக்குறாரு."

எந்தப் பாட்டு என்று சொன்னாள். இவள் ராகத்தோடு சொன்னாள்.

நான் சிரித்தேன். யாரோ சொல்லிக்கொடுத்து என்னைக் கலாய்க்கிறாள் என்று நினைத்தேன். அவள் சிரிக்கவில்லை. எங்கள் குடும்பத்துக்கு வரப்போகிறவர்களும் அதிலிருந்து போகப்போகிறவர்களும் என் ஜோக்குக்குச் சிரிப்பதில்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

இதுங்கள் ரெண்டும் ஆபீஸ் டிரெயினிங்கில் அறிமுகம் ஆனதாகத்தான் ரெண்டு வீட்டிலும் சொல்லியிருந்தார்கள். அது பொய்யாம். மாப்பிள்ளையின் அண்ணன் ரிசப்ஷனுக்கு இவள் தோழிகளோடு போயிருக்கிறாள். ஐஸ்கிரீம் வரிசையில் மாப்பிள்ளை முன்னால், இவள் பின்னால். மேடையில் அந்தப் பாட்டு. காதில் ஸ்பீக்கர் பாக்ஸ் இரைச்சல் தாங்காமல் ஒருத்தரை ஒருத்தர் பார்த்து, "என்னா?" "என்னா?" என்று கேட்டுக்கொண்டதுதான் முதல் பேச்சாம்.

"அத்தைகிட்ட மட்டும் சொல்லிடாதீங்கப்பா. அந்த நாளைப் பத்தி அவங்க வாயே திறக்கிறதில்ல. நான் அங்கேருந்து வந்தவன்னு தெரிஞ்சா, நாளைக்கு வீட்டுல பால் திரிஞ்சாக்கூட என்னைத்தான் பார்ப்பாங்க."

அப்போதே சொல்லியிருக்க வேண்டும்: அம்மா, உன் மாமியார் ஒரே ஒரு பாட்டைத் தடை பண்ணியிருக்காங்க, அது இதுதான் என்று. ஆனால் புது வீட்டுக்குப் போகிற பெண்ணிடம், உன் சந்தோஷத்துக்கு அந்த வீட்டில் வேறு பெயர் வைத்திருக்கிறார்கள் என்று எப்படிச் சொல்வது? வாயைத் திறந்தேன். "கண்டிப்பா" என்று வந்தது.

பௌர்ணமி அன்று கிரிவலப் பாதையில் எதிர்த்திசையில் நடந்து பார்த்தவர்களுக்குத் தெரியும். நிற்கவும் முடியாது, போகவும் முடியாது, மோதுகிற ஒவ்வொருவரிடமும் மன்னிப்புக் கேட்டுக்கொண்டே பின்னால் போய்க்கொண்டிருப்போம். ரிசப்ஷன் வரைக்கும் நான் அப்படித்தான் இருந்தேன்.

பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் ஒரு லாட்ஜ் மாடியில் இருக்கிற மெல்லிசைக் குழுவைப் பிடித்தேன். குழுவின் தலைவர்தான் முக்கியப் பாடகர். நெற்றி நிறைய விபூதி, குரலில் தேன். அவர் கொடுத்த பாட்டு வரிசையை வீட்டுக்குக் கொண்டுவந்து மனைவியோடு உட்கார்ந்து அழுகை நீக்கும் வேலையை ஆரம்பித்தேன்.

"இது?"

"உயிர் போகுதுன்னு வருதுங்க."

"அது காதல்ல போற உயிருடி."

"எதுல போனா என்னா, போகுதில்ல?"

அடித்தோம். அடுத்தது நல்ல குஷியான பாட்டு. "இதுல யாரும் சாகல" என்றேன்.

"பாட்டுல சாகல. படத்துல அடுத்த சீன்லயே லாரி வரும்."

இன்னொன்றில் கண்ணீர், ஆனந்தக் கண்ணீர்தான். சம்பந்தியம்மாவுக்கு எந்தக் கண்ணீர் என்று விளக்கவா முடியும்? அடித்தோம். வேறொன்றில் எல்லாம் சுத்தம். நடித்தவருக்கு டைவர்ஸ் ஆகிவிட்டது என்றாள் மனைவி. "அவர் ஜாதகத்தையுமா பாக்கணும்?" என்று கத்திவிட்டு அதையும் அடித்தேன். தமிழ் சினிமாவில் இத்தனை வருஷமாகக் காதலித்தவர்கள் ஒருத்தர்கூடச் சாகாமல், அழாமல், பிரியாமல் காதலிக்கவில்லை என்பதை அன்றைக்குத்தான் கண்டுபிடித்தேன். மிஞ்சியதைப் பாடகரிடம் காட்டினேன்.

அவர் ஒரு தரம் மேலிருந்து கீழே பார்த்தார். "சார், இதுல மூணு பிள்ளையார், ரெண்டு முருகன், பாக்கி அம்மன். இது ரிசப்ஷனா, ஆடி மாசம் கூழ் ஊத்துறதா?"

"கொஞ்சம் காதல் கம்மியாத்தான் இருக்கு" என்று ஒப்புக்கொண்டேன். பிறகு அவரே நாலைந்து பாட்டில் ஆபத்தான சரணத்தை வெட்டி, பல்லவியைத் திரும்பப் பாடி ஒப்பேற்றுவதாகச் சொன்னார். எல்லாம் சரியானது, அந்த ஒன்றைத் தவிர. அதற்கு நான் ஒரு திட்டம் போட்டேன். திட்டம் என்று நான் சொல்கிறேன். கோழைத்தனத்துக்கு நான் வைத்த செல்லப் பெயர் அது.

மண்டபத்தில் பத்து மணிக்கு மேல் மைக் கூடாது. மகளிடம், "மேடைக்கு வரும்போது நாதஸ்வரம்தான் மரியாதை. உங்க பாட்டைக் கடைசியா, ஸ்பெஷலா வச்சிருக்கேன்" என்றேன். நம்பினாள். கடைசிப் பாட்டு வருவதற்குள் பத்து மணி ஆகிவிட வேண்டும். பழி மண்டபத்துக்காரர் மேல் விழும். சம்பந்தியம்மாவுக்கு நிம்மதி, மகளுக்குக் கொஞ்சம் வருத்தம், எனக்கு விடுதலை.

ஆனால் நேரத்தை நிரப்ப ஆள் வேண்டுமே. எந்தச் சொந்தக்காரர்களைப் பாட விடக் கூடாது என்று ஆரம்பத்தில் சபதம் எடுத்தேனோ, அவர்களையெல்லாம் வீடு தேடிப் போய் அழைத்தேன். மனைவியின் தம்பி, நாற்பது வயதுக்கு மேல் பாட ஆசை வந்த மனிதர், கண் கலங்கிவிட்டார்.

"நெசமாவா மாமா? எத்தினி பாட்டு?"

"உனக்கு மூச்சு இருக்கிற வரைக்கும் பாடு மச்சான்."

ரிசப்ஷன் அன்று எல்லாம் திட்டப்படி நடந்தது. அதாவது, சகிக்க முடியாமல் நடந்தது. மச்சான் பாடினார். அவர் முடித்ததும் என் ஆபீஸ் நண்பர். பிறகு மறுபடி மச்சான். கீபோர்டு வாசித்தவர் என்னைப் பார்த்த பார்வையை இன்னும் மறக்கவில்லை. நானோ கடைசி வரிசை நாற்காலியில் உட்கார்ந்து, ஒவ்வொரு அபஸ்வரத்துக்கும் கை தட்டி, "ஒன்ஸ் மோர்" என்று கத்திக்கொண்டிருந்தேன்.

அப்போது மாப்பிள்ளையின் அண்ணன் பக்கத்து நாற்காலியில் வந்து உட்கார்ந்தார். மண்டபம் முழுக்க எல்லோரும் அவரிடம் ரொம்ப அன்பாகப் பேசினார்கள், ஆஸ்பத்திரியில் இருக்கிறவரிடம் பேசுவதுபோல. பாவம், அதிலிருந்து தப்பித்துத்தான் கடைசி வரிசைக்கு வந்திருக்கிறார்.

"மாமா, கடைசிப் பாட்டு அதுவாமே? தம்பி சொன்னான்."

"ஆமா... வச்சிருக்கு. ஆனா நேரம் இல்லாம போயிடுச்சுன்னா..."

"ஏன் போவுது? அந்த ஆளை இறக்கினா நேரம் இருக்குதே." மேடையில் என் மச்சான் மூன்றாவது பாட்டுக்குத் தொண்டையைச் சரிசெய்துகொண்டிருந்தார்.

நான் ஒரு ஜோக் சொல்லப் பார்த்தேன். வரவில்லை. முப்பது வருஷத்தில் முதல் தடவையாக வரவில்லை. அவர் என் முகத்தைப் பார்த்தார்.

"அம்மா வேணான்னுட்டாங்களா?"

தலையை ஆட்டினேன். அது ஆமாவா இல்லையா என்று எனக்கே தெரியாத மாதிரி ஆட்டினேன்.

"எல்லாரும் எனக்காகப் பாட்டு வேணாம், பேச்சு வேணாம்னு ஒதுக்கி ஒதுக்கி வைக்கிறாங்க மாமா. நானே மறந்தாலும் இவங்க விட மாட்டாங்க போலருக்கு" என்றார். பிறகு சாதாரணமாகச் சொன்னார்: "அன்னைக்கு அதுங்க ரெண்டும் ஐஸ்கிரீம் வரிசையில நின்னு பேசினத நான் பார்த்தேன். மேடையில மாப்பிள்ளைக்கு வேற என்னா வேலை? நின்னுகிட்டுக் கூட்டத்தைத்தானே பார்க்கணும். அந்த ஹால்ல அன்னைக்கு உருப்படியா நடந்தது அது ஒண்ணுதான்."

எழுந்து நேராக அவர் அம்மாவிடம் போனார்.

"தம்பி! தம்பி!" என்று கூப்பிட்டேன். மச்சானின் சரணத்தில் என் குரல் செத்துப்போனது. ஓடலாம் என்றால் முன்னால் ஒரு குடும்பமே குழந்தைகளோடு வழியை அடைத்து உட்கார்ந்திருக்கிறது. தூரத்தில் அவர் குனிந்து பேசுவது தெரிகிறது, ஒரு வார்த்தையும் கேட்கவில்லை. சம்பந்தியம்மா மகனைப் பார்த்தார். மேடையில் என் மகளைப் பார்த்தார். ரொம்ப நேரம் பார்த்தார். அங்கே அவள் யாருடைய கையையோ குலுக்கிக்கொண்டு, ஒன்றும் தெரியாமல் சிரித்துக்கொண்டிருந்தாள். என் பெண்ணின் வாழ்க்கை அந்தப் பார்வையில் இருக்கிறது, நான் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியின் காலில் வேட்டி மாட்டி நிற்கிறேன்.

வேட்டியை விடுவிப்பதற்குள் சம்பந்தியம்மாவே என் எதிரில் வந்து நின்றார்.

"என்கிட்ட ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமில்ல சம்பந்தி?"

"சொல்லலாம்னுதாங்க..."

"பாடச் சொல்லுங்க." கொஞ்சம் யோசித்தார். "ஆனா அந்த ரெண்டாவது சரணம் வேணாம்."

மேடைக்கு ஓடினேன். மச்சானின் கையிலிருந்து மைக்கைப் பிடுங்கிய விதத்தில் எங்கள் உறவு இன்னும் முழுசாகச் சரியாகவில்லை. பாடகர் காதில் விஷயத்தைச் சொன்னேன்.

"ரெண்டாவது சரணம்தான் சார் பாட்டே" என்றார் அவர்.

"அய்யா, கையெடுத்துக் கும்பிடுறேன்."

பாட்டு ஆரம்பித்தது. மேடையில் ரெண்டு பேரும் சட்டென்று ஒருத்தரை ஒருத்தர் பார்த்தார்கள். "என்னா?" என்று மாப்பிள்ளையின் உதடு அசைந்தது. சம்பந்தியம்மா பாடகருக்கு நேர் எதிரே, பரீட்சை ஹாலில் மேற்பார்வைக்கு நிற்கிறவர்போல நின்றார். முதல் சரணம் முடிந்தது. கீபோர்டுக்காரர் பழக்கதோஷத்தில் அடுத்த சரணத்துக்கான இசையை எடுத்துவிட்டார். நான் கீழே நின்று, பஸ்ஸை ரிவர்ஸ் எடுக்கச் சொல்கிற கண்டக்டர்போல ரெண்டு கையையும் வீசினேன். பாடகர் சமாளித்துப் பல்லவிக்கே வந்தார். அதை எப்படி முடிப்பது என்று தெரியாமல் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்.

பல்லவி ஓடிக்கொண்டிருக்கும்போதே சம்பந்தியம்மா மேடை ஏறினார். போட்டோகிராபர் குடும்பப் படம் என்று நினைத்து எல்லோரையும் வரிசைப்படுத்தினார். சம்பந்தியம்மா கேமராவைப் பார்க்கவில்லை. என் மகளின் காதோரம் ஏதோ கேட்டார். இவள் ஏதோ சொன்னாள். மறுபடி கேட்டார். மறுபடி சொன்னாள்.

அப்புறம் மகளிடம் விசாரித்தேன்.

"'அன்னைக்கு நீ என்னைப் பார்த்தியா?'ன்னு கேட்டாங்கப்பா."

"நீ என்னம்மா சொன்னே?"

"பார்த்தேன் அத்தைன்னேன். மாம்பழக் கலர் பட்டு கட்டியிருந்தீங்க, வாசல்ல நின்னு, யாருன்னே தெரியாத எங்களை, சாப்பிட்டுட்டுத்தான் போவணும்னு கையைப் பிடிச்சு உள்ள அனுப்பினீங்கன்னு சொன்னேன். 'அதையா கட்டியிருந்தேன்?'ன்னு கேட்டாங்க. ஆமான்னேன். அந்தக் கல்யாணப் போட்டோ எல்லாத்தையும் அவங்க எடுத்து உள்ள வச்சிட்டாங்களாம், அவங்களுக்கே ஞாபகம் இல்லியாம்."

"அவ்வளவுதானா?"

"'நல்ல புடவை அது'ன்னாங்க."

மறுநாள் முகூர்த்தத்துக்குச் சம்பந்தியம்மா அதைக் கட்டிக்கொண்டு வரவில்லை. பச்சைப் பட்டுதான். பந்தியில் என் மகளின் இலைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு, இன்னும் கொஞ்சம் போட்டுக்கோ என்று சொல்லிக்கொண்டிருந்தார்.